மென்காஃபின் நாலாவது கோடு

9

முத்திரை உடையவில்லை. பூட்டு உடையவில்லை. ஒரு ராஜாவை மட்டும் காணவில்லை.

சேமிப்பறை வாசலில் நின்றுகொண்டு ஃபெர்யால் செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது. ஐம்பத்தொன்பது வயது, முப்பத்து நாலு வருஷச் சர்வீஸ், ஓய்வு பெற இன்னும் பதினொரு நாள். "கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம், போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க" என்று தொல்பொருள் இலாகாவின் மேலதிகாரி கெய்ரோவிலிருந்து ரயிலேற்றி அனுப்பிவிட்டார். முடிந்த மாதிரி இருந்த எந்தக் கேஸும் முடிந்து அவள் பார்த்ததில்லை. கையில் பேனாவை எடுத்தால் கண் தானாக எதையாவது பார்த்துத் தொலைக்கும். அந்தக் கண்ணை இலாகா எப்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"பன்னெண்டே கால் மேடம். மூணு மணிக்கு ஜீப் வருது" என்றான் ஹிந்தாவி. அரசாங்கம் அவனை டிரைவராகத்தான் சேர்த்திருந்தது. துப்பறிவது அவனாகச் சேர்த்துக்கொண்ட வேலை. வாயடிப்பது பிறவியிலேயே வந்தது.

மூன்று மணிக்கு வரும் ஜீப், ஷெஹாத்தாவை சோஹாக் சிறைக்குக் கொண்டு போகும். இருபத்தாறு வருஷமாக இந்த அல்-அராபா ஊர்ச் சேமிப்பறைக்குக் காவலன் அவன்தான். தொல்பொருள் திருட்டு என்று ஒரு தடவை உள்ளே போனவன், இந்த வயதில் வெளியே வருவதாவது! அவனை உள்ளே அனுப்ப ஃபெர்யாலின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

காணாமல் போனது உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக்கல். பதிவு எண் 214. அதில் ஒரு ராஜாவின் பெயரும், அதன் கீழே அவன் ஆண்ட வருஷத்துக்கு நாலு கோடுகளும். மென்காஃப் என்று ஒருவன் எகிப்தை ஆண்டான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். பழைய அரசர் பட்டியல் ஒன்றில் ஒரு பெயர் கிழிந்துபோயிருக்கிறது, அந்த ஓட்டையில் ஒரு ராஜா இருந்தே தீரவேண்டும் என்று முப்பது வருஷம் மன்றாடியவர் டாக்டர் வஜீஹ். எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய அகழாய்வில் இந்தக் கல் கிடைத்ததும் சிரிப்பு நின்றது. இப்போது கெய்ரோவில் கண்காட்சி. போன செவ்வாய்க்கிழமை கல்லை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். பெட்டியைத் திறந்தால் பஞ்சுக்குள் வேறு ஏதோ ஒரு வெறும் கல்.

ஹிந்தாவி கல்லின் பழைய புகைப்படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "மூணு கோடு நேரா நிக்குது. நாலாவது மட்டும் சாஞ்சு கிடக்கே மேடம். நாலாவது வருஷம் ராஜாவுக்கு முடியலையோ?"

"நாலு வருஷத்துலயே முடியாமப் போகும்ப்பா. என்னைப் பாரு." அவள் கதவின் இரும்புக் கொக்கியை விரலால் தடவினாள். "அந்த முத்திரைப் பையைக் குடு."

செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னிலையிலும் கத்தரித்து எடுத்த ஈய முத்திரை, கம்பியோடு பிளாஸ்டிக் பையில் இருந்தது. சட்டம் இதுதான்: காவலன், இலாகா இன்ஸ்பெக்டர், போலீஸ்காரர், இந்த மூன்று பேரும் கூடி நின்றால்தான் கதவு திறக்கலாம். பழைய முத்திரையைக் கத்தரிக்கவேண்டும். மூடும்போது புதுக் கம்பி, புது ஈயம், மூன்று கையெழுத்து. கடைசியாக முத்திரை வைத்தது இரண்டு வருஷத்துக்கு முன். அதற்குப் பிறகு கதவே திறக்கவில்லை என்கிறது பதிவேடு. சாவியோ ஷெஹாத்தாவிடம். வேறு யாரைப் பிடிப்பார்கள்?

"ஈயத்துல என்ன தெரியுது?"

"தூசி. ரெண்டு வருஷத் தூசி."

"கொக்கியில?"

ஹிந்தாவி குனிந்தான். "அட! பளபளன்னு இருக்கு. என் மாமியார் பாத்திரம் தேய்ச்சாக்கூட இப்படி மின்னாது."

"ரெண்டு வருஷமா யாருமே தொடாத கொக்கி எப்படி மின்னும்?" ஃபெர்யால் பையிலிருந்து கம்பியை எடுத்து நீட்டினாள். "முத்திரை போட எவ்வளவு கம்பி வேணும்?"

"ஒரு விரல் நீளம்."

"இது ஒரு முழம் இருக்கு."

வெட்டிய முனைகளைச் சேர்த்துப் பிடித்து வளையத்தைக் கொக்கியில் மாட்டினாள். பெரிய தொளதொள வளையம். ஈயத்தைத் தொடாமலேயே அதைத் தூக்கி எடுத்தாள். கதவு திறந்துகொண்டது. மறுபடி மாட்டினாள். முத்திரை பத்திரமாகத் தொங்கியது.

ஹிந்தாவி கைதட்டினான். "ரெண்டு வருஷமா முத்திரை அசையவே இல்ல. கதவுதான் தினமும் திறந்து மூடியிருக்கு. நம்ம இலாகாவை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது மேடம்."

"கலங்கிக்கிட்டே அந்த ஆளைக் கூட்டிட்டு வா."

காவல் அறையிலிருந்து ஷெஹாத்தா விலங்கோடு வந்தான். ஒல்லி உடம்பு, வெளுத்த கலாபியா அங்கி, நரைத்த மீசை. வளையத்தைப் பார்த்ததுமே அவன் தோள் தொங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா மேடம். இன்ஸ்பெக்டர் பையனுக்கு நாலு ஊரு சேமிப்பறை. வாரத்துல ஒரு நாள் வருவான். போலீஸ்காரத் தம்பி தொழுகைக்குப் போயிடுவான். ஒவ்வொரு தடவையும் ஈயத்துக்கு சோஹாக்குக்கு எழுதிப் போடணும். ஈயம் வராது. மழை பேஞ்சு ஒழுகுதுன்னு உள்ள போகணும்னா என்ன பண்றது? மூணு பேரும் சேர்ந்துதான் வளையத்தைப் பெருசா விட்டோம்."

"இதைப் போலீஸ்ல ஏன் சொல்லல?"

"சொன்னா அந்த ரெண்டு பசங்க வேலையும் போயிடும். ஒருத்தனுக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு."

"உங்க தலையே போகப் போகுது. அது பரவால்லையா?"

அவன் தரையில் ஊர்ந்த ஓர் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபெர்யாலுக்கு எரிச்சல் வந்தது. காப்பாற்ற வந்தவளுக்குக் கை கொடுக்கக்கூட மாட்டேன் என்று ஒருவன் நின்றால் என்னதான் செய்வது?

"அந்தக் கல்லை யாரு எடுத்திருப்பாங்க?"

"அதைப் போய் எவன் எடுப்பான் மேடம்?" என்றவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

அவனைத் திரும்ப அனுப்பிவிட்டு ஃபெர்யால் சுவரில் சாய்ந்தாள். "கவனிச்சியா? கல்லு கிடைச்சுதான்னு ஒரு வார்த்தை கேக்கல."

"பயத்துல மறந்திருப்பாரு."

"இருபத்தாறு வருஷம் காவல் காத்தவன். ஒரு பானை உடைஞ்சாலே இவங்க மூணு நாள் சாப்பிட மாட்டாங்க. ராஜா போயிட்டாரு, இவன் கண்ணுல ஒரு சொட்டு வருத்தம் இல்ல."

அப்போது அவள் போன் அடித்தது. டாக்டர் வஜீஹ். காலையிலிருந்து ஏழாவது தடவை. எழுபத்தெட்டு வயது, கெய்ரோவில் படுத்த படுக்கை, மென்காஃபைப் பற்றிய புத்தகம் அச்சில். முதல் தடவை எடுத்தபோது, "கல்லு வரும் இல்லையாம்மா? அவர் இருந்தாரு. அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார். ஒரு மருமகனைப் பற்றிப் பேசுவதுபோல் அந்த ராஜாவைப் பற்றிப் பேசினார். ஃபெர்யால் போனை அடிக்க விட்டாள். அடித்து அடித்து அதுவும் அலுத்துப்போய் நின்றது.

"பெட்டியில இருந்த கல்லை எடு" என்றாள்.

ஹிந்தாவி பெட்டியைத் திறந்ததும் பின்வாங்கினான். "ஐயோ! எறும்பு! மேடம், தொல்பொருள் இலாகாப் பெட்டியில எறும்புக் கூட்டம்!"

பஞ்சு நிறையக் கறுப்பெறும்பு. நடுவில் அந்தக் கல். ஒரு பக்கம் கரி பிடித்திருந்தது, ஓரத்தில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. ஹிந்தாவி விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான்.

"டீ மேடம். அரை டம்ளர் சர்க்கரை போட்ட நம்ம ஊர் டீ. பொங்கி வழிஞ்சிருக்கு."

"கரி?"

"அடுப்புக் கல்லு!" அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "ஆனா எங்க ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் இப்படித்தான் டீ குடிக்கிறான். அத்தனை பேரையும் புடிச்சா ஜீப் பத்தாது."

"வீட்ல எல்லாம் கேஸ் அடுப்பு வந்து எத்தனை வருஷமாச்சு? இன்னமும் மூணு கல்லு வெச்சு விறகுல டீ போடுறவன் யாரு?"

ஹிந்தாவி ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு மெதுவாக, "வேணாம் மேடம். அந்த ஆள் நல்லவரு" என்றான்.

"நல்லவங்களாத்தான்ப்பா இருக்காங்க எல்லாரும். அதுதான் என் கஷ்டம். வண்டியை எடு."

பாலைவனத்தின் விளிம்பில், கரும்பு வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், அகழாய்வு மேஸ்திரி அபுதெய்ஃபின் வீடு. பரம்பரை பரம்பரையாக மண் தோண்டும் கிஃப்த் ஊர்க்காரர், அப்பா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்டவர். மண்ணைக் கையில் எடுத்தே எந்தக் காலத்து மண் என்று சொல்லிவிடுவார். எல்லோருக்கும் அவர் 'ரயிஸ்', அதாவது தலைவர். எழுபது வயது. பருவம் முடிந்து ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர் மட்டும் குழிகளுக்குக் காவலாக இருந்தார்.

வீட்டு முன்சுவர் முழுக்க ஓவியம். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் வரைவதுதான். காபா, பச்சை மரங்கள், மேலே மேகத்துக்குள் ஒரு நீல விமானம். கதவு நிலையை ஒட்டிய கல்வரிசையில், விமானத்தின் வால் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சிமெண்ட். ஃபெர்யால் அதைப் பார்த்தாள். வேலிப் பக்கம் நடந்தாள்.

வேலி நிழலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கெட்டிலுக்கு அடியில் இரண்டு கறுத்த கற்கள், மூன்றாவதாக ஒரு புதுச் செங்கல்.

"வாங்க மேடம், உக்காருங்க. டீ கொதிக்குது" என்றார் ரயிஸ்.

ஃபெர்யால் உட்காரவில்லை. குச்சியால் செங்கல்லைத் தள்ளிவிட்டு, பெட்டியில் வந்த கல்லை அந்த இடத்தில் வைத்தாள். கரி கரியோடு சேர்ந்தது. கெட்டில் ஆடாமல் நின்றது.

ஹிந்தாவி தள்ளிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரயிஸ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடை சரியா இருந்துச்சு. அதனாலதான் அதை எடுத்தேன். துடைக்கணும்னு தோணல."

"ஷெஹாத்தாவை மூணு மணிக்குக் கொண்டுபோறாங்க ரயிஸ்."

"விசாரிச்சுட்டு விட்ருவாங்கன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னது? சிறைக்குப் போறான்."

கிழவர் எழுந்த வேகத்தில் டீ டம்ளர் கவிழ்ந்தது. உள்ளே போய்ச் சர்க்கரை டின்னோடு வந்தார். கையை விட்டுத் துழாவி, துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து நீட்டினார். மென்காஃப். பெயர், அதன் கீழே நேராக மூன்று கோடு, சாய்ந்தபடி நாலாவது. பின்பக்கம் தடியாகக் காய்ந்த மண்.

"ஹிந்தாவி, ஒரு சட்டியில தண்ணி கொண்டா."

"மேடம்! கழுவக்கூடாது! மை அடையாளம் இருந்தா போயிடும்னு சட்டமே இருக்கு!"

"அந்தச் சட்டம்தான் இதைப் பதினோரு வருஷம் காப்பாத்தியிருக்கு. கொண்டா."

கல்லைத் தண்ணீரில் போட்டு நகத்தால் சுரண்டினாள். பசை போட்டு ஒட்டிய மண் கட்டி கட்டியாகக் கழன்றது. அடியில் நீலம் தெரிந்தது. பளிச்சென்ற எண்ணெய்ப் பெயிண்ட். இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். ஒரு விமானத்தின் வால்.

ஹிந்தாவி கல்லைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மறுபடி கல்லைப் பார்த்தான்.

"மூவாயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ராஜா ஃப்ளைட்ல ஹஜ்ஜுக்குப் போயிருக்காரு மேடம்" என்றான் பரிதாபமாக.

ரயிஸ் முகத்தைத் தலைப்பாகை நுனியால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. ஃபெர்யால் இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"மூணு பருவம் தோண்டினோம் மேடம். ஓட்டுத்துண்டைத் தவிர ஒண்ணும் கிடைக்கல. அடுத்த வருஷம் அனுமதி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் குழிக்குள்ள இறங்கி தனியா உக்காந்திருந்தாரு. 'ரயிஸ், நான் பைத்தியக்காரனா?'ன்னு கேட்டாரு. முப்பது வருஷம் கூட இருந்தவரு. என்னால தாங்க முடியல. அன்னிக்கே செஞ்சேன்."

"இங்க இல்லாத கல்லா? உங்க வீட்டுச் சுவரைப் பேத்தா எடுக்கணும்?"

"இங்க இருக்கறது எல்லாம் அந்தக் காலத்துக் கல்லு மேடம். அதுல போய் உளி வைக்க மனசு வருமா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கெய்ரோவுக்குப் போனா பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்க. டாக்டர் மானம் போயிடும். அதான் ஷெஹாத்தா தூங்கறப்ப சாவியை எடுத்து, வளையத்தைத் தூக்கிட்டு உள்ள போய் மாத்தி வெச்சேன். ஷெஹாத்தா மேல விழும்னு நான் நினைக்கல. வாங்க, நானே ஜீப்ல ஏறிக்கறேன்."

போன் மறுபடி அடித்தது. டாக்டர் வஜீஹ். ஃபெர்யால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளிடம் என்ன சொல்வது? உங்கள் ராஜா இல்லை, உங்கள் மேஸ்திரி உங்கள் மேல் வைத்த பாசம்தான் அது என்றா? அவளுக்கு அந்த நிமிஷம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மணலிலேயே படுத்துத் தூங்கவேண்டும் போலிருந்தது. போன் ஓய்ந்தது.

ஆனால் பாழாய்ப்போன அந்தக் கண் சும்மா இருக்கவில்லை.

"ரயிஸ், உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"அரபியே தெரியாது மேடம். கைநாட்டுதான்."

"அப்ப இந்தப் பேரு எங்கேயிருந்து வந்துச்சு? பூவும் பறவையுமா எதையோ கிறுக்கி வெச்சிருந்தா டாக்டர் ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டிருப்பாரு. இது ஒழுங்கான ராஜா பேரு. வேற எந்தக் கல்லுலயும் இல்லாத பேரு. நீங்க எப்படி உண்டாக்குனீங்க?"

ரயிஸின் கை தலைப்பாகை நுனியோடு நின்றுவிட்டது. "பார்த்து வெட்டினேன்."

"எதைப் பார்த்து?"

அவர் கண் ஒரு கணம் ஊர்ப்பக்கம் போய்த் திரும்பியது. "என்னை விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போங்க. தூக்குல போடுங்க. அதை மட்டும் கேக்காதீங்க மேடம், உங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

ஃபெர்யால் வாட்சைப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிஷம். ஈரக் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"ஹிந்தாவி, ரயிஸ் வீட்ல சுண்ணாம்பு இருக்கான்னு கேளு. இன்னிக்கே சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லு. வால் போன விமானம் எதுக்கு? முழுசாவே போகட்டும்."

ஜீப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. இளம் அதிகாரி ஒருவர் வியர்வையில் நனைந்து நின்றார். விலங்கோடு ஷெஹாத்தா, கதவோரம் கறுப்புடையில் அவன் மனைவி ரூஹிய்யா. ஃபெர்யால் கல்லை ஜீப்பின் மேல் வைத்தாள். முதலில் ராஜா பக்கம், பிறகு விமானப் பக்கம்.

"பதிவு எண் 214. அகழாய்வு இடத்துல கிடைச்சுது. போலி."

அதிகாரி நீலப் பெயிண்டைத் தொட்டுப் பார்த்தார். "யாரு செஞ்சது?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. வீடு வீடாப் போய் விசாரிக்கலாம். இருநூறு வீடு இருக்கு. வாங்க, போவோம், நானும் வரேன்."

அதிகாரி வெயிலைப் பார்த்தார். கரும்பு வயலுக்கு அப்பால் கானல் ஆடிக்கொண்டிருந்தது.

"தொல்பொருளே இல்லாததைத் திருடினா அது தொல்பொருள் திருட்டு ஆகாது. இல்லையா மேடம்?"

"முத்திரையை ஒழுங்கா போடலன்னு இலாகா ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுக்கும். மூணு பேருக்கும். கூடவே ஈயமும் அனுப்பச் சொல்றேன்."

கையெழுத்து ஆனது. விலங்கு கழன்றது. ரூஹிய்யா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். ஷெஹாத்தா மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் கல்லையும் ஃபெர்யாலின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"அஞ்சு மணிக்குத்தான் ரயில். எங்க வீட்ல காலை வெக்காமப் போனா நான் விடமாட்டேன்" என்று ரூஹிய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், மேடம் களைச்சுப் போயிருக்காங்க" என்றான் ஷெஹாத்தா அவசரமாக.

உபசாரத்துக்குப் பெயர்போன ஊர்க்காரன், உயிரைக் காப்பாற்றியவளை வீட்டுக்கு வராதே என்கிறான். ஃபெர்யால் வண்டியில் ஏறினாள். "தாகமாத்தான் இருக்கு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போறேன்."

நாலு தெரு தள்ளி, ஏழு வீடு ஒட்டி ஒட்டி நின்ற ஒரு சந்து. முற்றத்து மூலையில், பேரீச்சை ஓலை நிழலில், பெரிய தண்ணீர்ப் பானை கசிந்துகொண்டு நின்றது. ஷெஹாத்தா பாய்ந்து போய் அதன் முன்னால் நின்றுகொண்டான்.

"ரூஹிய்யா, மேடத்துக்கு ஃப்ரிட்ஜ் தண்ணி கொண்டா!"

"ஏன், பானைத் தண்ணிக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அவள். "ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா தொண்டை கட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீதானே?"

"எனக்கும் கட்டும். பானைத் தண்ணியே குடுங்க" என்றாள் ஃபெர்யால்.

ஷெஹாத்தா நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பானையின் அடியில் தாங்குகல் ஒன்று. பாசி படர்ந்து பச்சையாக இருந்தது. ஃபெர்யால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டைவிரலால் பாசியைத் தள்ளினாள். வழவழப்பான பழைய செதுக்கு. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே பெயர்.

"எங்க தாத்தா தானியக் குழி தோண்டும்போது வந்துச்சு" என்றான் ஷெஹாத்தா தரையைப் பார்த்தபடி. "கீழ பூரா கல்லுச் சுவரு மேடம். இந்தச் சந்து முழுக்க அதுக்கு மேலதான் நிக்குது. ரயிஸும் நானும் சின்ன வயசுல இருந்து இதுல தண்ணி குடிச்சிருக்கோம். டாக்டர்கூட எத்தனையோ தடவை இங்க வந்து குடிச்சிருக்காரு."

"சேமிப்பறைக் கல்லு போலின்னு உங்களுக்கு முதல்ல இருந்தே தெரியும்."

"பார்த்த அன்னிக்கே தெரியும்."

"அதைச் சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்க."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்களே மேடம்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வாக்கியம் சொன்னால் அவன் தப்பிப்பான், ஏழு வீடு போகும். அடியில் பழங்காலச் சுவர் இருக்கிறது என்று தெரிந்தால் இலாகா வீட்டை விடாது. ஃபெர்யாலுக்கு அது நன்றாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் அப்படி ஒரு சந்தை இடித்தார்கள். பெண்கள் கதவுகளைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு போனதை அவள் நின்று பார்த்தாள். அந்த உத்தரவில் இருந்த கையெழுத்து அவளுடையது.

ஹிந்தாவி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். இன்றைக்கு முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "என்ன மேடம் எழுதட்டும்?"

"பானைத் தண்ணி நல்லா இருந்துச்சுன்னு எழுது."

அவன் நோட்டை மூடிப் பையில் வைத்தான். ரூஹிய்யா கொடுத்த தகர டம்ளரை ஃபெர்யால் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பாசியை மறுபடி கல்லின் மேல் இழுத்து மூடப் போனவள், கை அப்படியே நின்றது. பெயருக்குக் கீழே இருந்த கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கோடு செதுக்கினது இல்லை. கல்லின் மேல் விளிம்பிலிருந்து அடிவரை சாய்வாக ஓடிய ஒரு விரிசல். படிக்கத் தெரியாத ரயிஸ் அதையும் சேர்த்து உண்மையாக வெட்டிவைத்திருக்கிறார்.

போன் அடித்தது. ஃபெர்யால் எடுத்தாள்.

"டாக்டர், கல்லு கிடைச்சுது. போலி. ரிப்போர்ட் போயிடுச்சு. நாளைக்குப் பேப்பர்ல வரும்."

"அப்ப அவர் இல்லவே இல்லையாம்மா?"

ஷெஹாத்தா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் விலங்கோடு நின்றபோது இல்லாத பயம் இப்போது இருந்தது. பயப்படவேண்டாம் என்பதுபோல் ஃபெர்யால் அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள்.

"இருந்தாரு டாக்டர். ஆனா நாலு வருஷம் இல்ல. மூணு."

கிழவரின் குரல் மிக மெதுவாக வந்தது. "எங்கேன்னு கேக்கக்கூடாதா?"

"கூடாது."

"எழுதவும் கூடாது."

"கூடாது டாக்டர். உங்களுக்கு மட்டும்தான்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றார் அவர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "மூணு வருஷம். மூணு போதும்மா."

ஃபெர்யால் போனை அணைத்துவிட்டு, காலி டம்ளரை ரூஹிய்யாவிடம் நீட்டினாள்.

"இன்னொரு டம்ளர் குடுங்க" என்றாள்.